வறண்ட ஏணியில் ஒன்பது மீன்கள்

செத்தவனின் இடது கன்னத்தை ஒரு விலாங்கு கவ்விக்கொண்டிருந்தது.

இன்னொன்று கழுத்தில். மூன்றாவது... திறந்து கிடந்த வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது!

"சீ... சீ! யாராவது அதைப் பிடுங்கித் தொலைங்களேன்!"

கத்தியவள் ரோண்டா பெக். மாவட்ட ஷெரிஃப் ஆபீஸில் கொலை வழக்குகளைப் பார்க்கும் அதிகாரி. இருபத்து நான்கு வருட சர்வீஸ். எரிந்த பிணம், ஊறிய பிணம், பன்றிப் பண்ணையில் பாதி மிஞ்சிய பிணம் எல்லாம் பார்த்தவள். ஆனாலும் இப்போது மூன்றடி தள்ளியே நின்றாள்.

"இழுத்தா வராது மேடம். தோலோடதான் வரும்."

பதில் சொன்னவள் ஆர்லீன் டோட்டஸ். அணையின் மீன் பிரிவில் வேலை செய்கிறவள். முப்பத்தாறு வயது. மார்பு வரைக்கும் ரப்பர் உடை. அவள் காலடியில் இரண்டு வாளி. இரண்டிலும் விலாங்குகள் நெளிந்தன.

"அது கடிக்கல மேடம். இந்த ஊர் விலாங்குக்கு உறிஞ்சு வாய். தண்ணி போயிடுச்சு இல்ல... பிடிச்சுக்க எதாவது ஈரமா கிடைச்சா ஒட்டிக்கும். நான் எடுக்கவா?"

"நீ எதையும் தொடாதே! இதையெல்லாம் வாளியில அள்ளி என்ன பண்ணுவீங்க?"

"பெரும்பாலும் மேல கொண்டுபோய் ஆத்துல விடுவோம். கொஞ்சம் எங்க பழங்குடி ஜனங்க வீட்டுக்குப் போகும். தீயில வாட்டினா கொழுப்பு சொட்டும் பாருங்க... அடடா..."

"போதும்மா தாயே!"

ரோண்டா கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டாள்.

கொலம்பியா ஆற்றில் காட்டன்வுட் பெண்ட் அணை. அதன் தென்கரையில், மீன்கள் அணையைத் தாண்டி மேலேறுவதற்கென்று படிப்படியாகக் கட்டிய கான்கிரீட் தொட்டிகள். மீன் ஏணி என்பார்கள். பிப்ரவரியில் ஏணியின் தண்ணீரை வடித்துவிடுவார்கள். வருடத்துக்கு ஒரு முறை நடக்கிற சுத்தம். ஒரு வருடப் பாசி, அழுகின மீன், சேறு, எவனோ எறிந்த டயப்பர் என்று அத்தனையும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். அந்த நாற்றத்தை எழுத்தில் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது.

இந்த வருடம் கூடவே ஒரு பிணமும் வந்திருந்தது.

வெர்ன் டில்லார்ட். ஐம்பத்தெட்டு வயது. அணையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ஒரு நீளமான இரும்புக் கொக்கி. அதன் நுனியில் ரத்தம். கைப்பிடியில் 'ஏ.டி.' என்று கீறியிருந்தது.

"இது யாருது?"

"என்னுதுதான்" என்றாள் ஆர்லீன். "கம்பி வலையைத் தூக்கறதுக்கு வச்சிருக்கேன்."

"ஏ.டி.ன்னா ஆர்லீன் டோட்டஸ்."

"இந்த அணையில ஒரு பொருளை அஞ்சு நிமிஷம் கீழ வச்சா காணாமப் போயிடும் மேடம். அதான் பேர் போட்டு வச்சேன்."

"நல்ல வேலை செஞ்சே. எனக்கும் சுலபமாப் போச்சு."

ஆர்லீனின் முகம் செத்தது.

*

"ஆர்லீனும் வெர்னும் நேத்து சண்டை போட்டாங்க. சொல்லவே கஷ்டமா இருக்கு..."

சொன்னவர் டாக்டர் எமெட் ஸ்ட்ராண்ட். அணையின் தலைமை மீன் விஞ்ஞானி. இந்த ஏணியைத் திருத்தி வடிவமைத்தவர். தொட்டிக்கு மேலே, நடைபாதைக் கம்பியில் சாய்ந்து, ஸ்டீல் கப்பில் காபி குடித்துக்கொண்டிருந்தார். மொத்த அணையிலும் சுத்தமான பூட்ஸ் அவருடையதுதான்.

"என்ன சண்டை?" ரோண்டா படியேறி வந்து கேட்டாள்.

"விலாங்கை எல்லாம் எடுக்கறதுக்கு முன்னாடி அவன் தண்ணியை வடிச்சுட்டான்னு இவளுக்குக் கோபம். 'உன்னையும் இந்தத் தொட்டியில போட்டு வடிச்சுடுவேன்'னு கத்தினா. எல்லாரும் கேட்டாங்க."

"ஆர்லீன்! உண்மையா?"

கீழேயிருந்து ஆர்லீன் கத்தினாள். "உண்மைதான்! வருஷா வருஷம் அதைத்தான் சொல்லுவேன்! அவனும் வருஷா வருஷம் சிரிப்பான்!"

"இன்னிக்கு சிரிக்கல போல" என்றான் ஓச்சோவா.

லூயிஸ் ஓச்சோவா, ரோண்டாவின் உதவி அதிகாரி. குறிப்பு நோட்டைப் புரட்டினான்.

"மேடம், ஒன்பது ரெண்டுக்கு வெர்ன் அவன் பொண்டாட்டிக்குப் போன் பண்ணியிருக்கான். ராத்திரிக்கு என்ன சமைக்கறதுன்னு பேசியிருக்காங்க. பத்து பத்துக்கு ஆர்லீன் பிணத்தைப் பார்த்ததா சொல்றா. நடுவுல ஒரு மணி நேரம்தான்."

"அந்த நேரத்துல நீ எங்க இருந்தே ஆர்லீன்?"

"மேல் கரையில. விலாங்கு விட்டுட்டிருந்தேன்."

"சாட்சி?"

"முந்நூறு விலாங்கு இருக்கு. கேட்டுப் பாருங்க!"

ஓச்சோவா சிரித்துவிட்டான். ரோண்டா முறைத்ததும் வாயை மூடினான்.

ஆர்லீன் படியேறி மேலே வந்தாள். மூச்சு வாங்கியது. கண்ணில் பயம்.

"மேடம், ஒரு நிமிஷம் கேளுங்க. அந்தத் தொட்டிக்குப் போக ஒரே வழிதான். அந்தச் சதுர வாசல். சுத்தி இருபதடி சுவர். அந்த வாசலைச் சுத்தி ஆன்டெனா பதிச்சிருக்கு. தெரியுமா?"

"எதுக்கு?"

"மீனைப் படிக்க. குஞ்சா இருக்கும்போதே மீன் வயித்துக்குள்ள ஊசியால ஒரு டேக் வைப்போம். கண்ணாடிக் குழாய். அரிசியை விடக் கொஞ்சம் நீளம். கடலுக்குப் போயிட்டு வருஷம் கழிச்சு மீன் திரும்பி வந்து இந்த வாசல்ல ஏறும்போது ஆன்டெனா அந்த நம்பரைப் படிச்சுடும். நம்பரும் நேரமும் கம்ப்யூட்டர்ல ஏறிடும்."

"அதுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்? நீ என்ன மீனா?"

"ஆமா!"

அவள் இடது உள்ளங்கையை நீட்டினாள். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு சின்னத் தழும்பு.

"ஆறு வருஷம் முன்னாடி. ஒரே நாள்ல ரெண்டாயிரம் குஞ்சுக்கு ஊசி போட்டோம். கை வழுக்கிடுச்சு. மீனுக்குப் போக வேண்டியது எனக்குள்ள போயிடுச்சு. டாக்டர் 'அது பாட்டுக்கு இருக்கட்டும்'னு விட்டுட்டார். எங்க வேலையில இது சகஜம் மேடம்!"

இடுப்பில் தொங்கிய, டேக்கைப் படிக்கிற கைக்கருவியை எடுத்துத் தழும்பின் மேல் வைத்தாள்.

பீப்!

சின்னத் திரையில் நீளமாக ஒரு நம்பர். கடைசி நாலு இலக்கம் 4417.

"நான் அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் கம்ப்யூட்டர் மீன்னு எழுதிடும். வெர்ன் வருஷக் கடைசியில எண்ணிப் பார்ப்பான். 'ஆர்லீன், நூத்திப் பன்னெண்டு தடவை ஏறியிருக்கே... ஒரு முட்டையாவது போட்டியா?'ன்னு கேப்பான்..."

புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"காலையில எட்டு அஞ்சுக்கு உள்ள போனேன். எட்டு இருபதுக்கு வெளிய வந்தேன். கொக்கியை அங்கயே விட்டுட்டேன். அப்புறம் பத்து பத்துக்குத்தான் மறுபடி போனேன். கம்ப்யூட்டரைப் பாருங்க மேடம். அதுல இல்லன்னா நான் கொல்லல!"

ரோண்டா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பொய் சொல்கிறவர்கள் இவ்வளவு சுலபமாக மாட்டிக்கொள்கிற வழியைத் தாங்களே காட்ட மாட்டார்கள்.

"கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"

*

ஏணிக்கு மேலே ஒரு தகரக் குடிசை. உள்ளே மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர். சுவரில் நீலத்தாளில் அச்சடித்து ஒட்டிய 'வருடாந்திர சுத்தம்: செயல்முறைப் பட்டியல்'. காற்றில் எலி மூத்திர வாடை.

"இங்கயுமா?" ரோண்டா மறுபடியும் கைக்குட்டையைத் தேடினாள்.

ஓச்சோவா திரையைத் தட்டினான்.

"மேடம்... பதிவுகள், பூஜ்யம்!"

"என்ன?"

"சுத்தமா துடைச்சிருக்கு. கடைசியா துடைச்ச நேரம்... ஒன்பது நாப்பத்து நாலு."

ஸ்ட்ராண்ட் வாசலில் நின்றபடி பெருமூச்சு விட்டார்.

"இன்னிக்குத்தான் வருஷாந்திர சுத்தம். பழைய பதிவை எல்லாம் அழிச்சுட்டு, புது சீசனுக்குத் தயார் பண்ணுவோம். வெர்ன் அந்த வேலையை முடிச்சுட்டுக் கீழ போயிருக்கான். கடைசி வரைக்கும் கடமை தவறாத மனுஷன்!"

"போர்ட்லண்ட் தலைமை ஆபீஸ்ல காப்பி இருக்குமே?"

"சுத்தம் பண்ற அன்னிக்கு இருக்காது. காலையில முதல் வேலையா லைனைப் பிடுங்கிடுவோம். இங்க பண்ற சோதனைப் பதிவு அங்க போய்க் கலந்துடக் கூடாதில்லையா!"

ரோண்டாவின் போன் அலறியது. ஷெரிஃப்.

"என்ன ரோண்டா, இன்னும் கைது பண்ணலையா? கொக்கி அவளுது, சண்டை போட்டவ அவ, பிணத்தைப் பார்த்தவ அவ. வேற என்ன வேணும் உனக்கு? மீன் வந்து சாட்சி சொல்லணுமா?"

"ஒரு மணி நேரம் குடுங்க சார்."

"அரை மணி!"

லைன் செத்தது.

ஓச்சோவா தயக்கத்தோடு விலங்கை எடுத்தான். ஆர்லீன் கையை நீட்டினாள். விலங்கு பூட்டும் சத்தம் கேட்ட பிறகும் அவள் பார்வை மேசைக்கு அடியிலேயே இருந்தது.

"மேடம்... இதை வெர்ன் பண்ணல."

"எதை?"

"இந்தத் துடைச்ச வேலையை. மேசைக்குக் கீழ பாருங்க."

எலிப் புழுக்கை. கைப்பிடி கைப்பிடியாக. நடுவில் செத்து உலர்ந்த ஒரு எலி.

"நல்லா இருக்கு. எதுக்கு இதைக் காட்டறே?"

"இதை அள்ளாம வெர்ன் கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டான். முதல்ல எலி. அப்புறம் கீழ இருக்கற ரீடர் பெட்டி. கம்ப்யூட்டர் எப்பவும் கடைசி. புழுக்கையைப் பெருக்கினா தூசி பறக்கும், துடைச்ச மெஷினுக்குள்ள போயிடும். பதினாலு வருஷமா நாங்க இப்படித்தான் செய்யறோம்."

ரோண்டா சுவரைப் பார்த்தாள்.

"இந்தப் பட்டியல்ல கம்ப்யூட்டர்தான் முதல்ல இருக்கு?"

"அது சும்மா ஒட்டி வச்சது மேடம். நாங்க யாரும் அதைப் படிச்சதே இல்ல."

"யார் எழுதினது இது?"

ஆர்லீன் வாசல் பக்கம் திரும்பினாள்.

"நான்தான்" என்றார் ஸ்ட்ராண்ட். சிரித்தார். "என் ஆளுங்க என் பட்டியலைப் படிக்கறதில்லைங்கறது இன்னிக்குத்தான் தெரியுது. ஆனா இந்தப் பட்டியலை யார் வேணா படிச்சிருக்கலாமே அதிகாரி... அதை வச்சு என்ன நிரூபிக்க முடியும்?"

முடியாதுதான். அந்த ஆளின் வழவழப்பான குரல் ரோண்டாவுக்கு எலிப் புழுக்கையை விட அருவருப்பாக இருந்தது.

"ஆர்லீன்... ரீடர் பெட்டின்னு என்னமோ சொன்னியே. அது என்ன?"

ஆர்லீனின் கண்கள் மெல்ல விரிந்தன.

"ஐயோ! அதை மறந்தே போயிட்டேன்! கம்ப்யூட்டருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ரீடர் தனக்குள்ளயே ஒரு பிரதி வச்சுக்கும் மேடம். அதைத் தனியா அழிக்கணும். வாசல் சுவர்ல, தகரப் பெட்டிக்குள்ள இருக்கு!"

"டாக்டர்... அதைப் பத்தி உங்க பட்டியல்ல ஒண்ணும் இல்லையே?"

ஸ்ட்ராண்ட் காலிக் கப்பைப் பார்த்தார். பதினொரு வருடமாக வருடாந்திர சுத்தம் என்று உத்தரவு போட்டவர். ஒரு முறை கூட அந்தப் பெட்டியைத் திறந்தவர் இல்லை.

*

தகரப் பெட்டியைத் திறந்ததும் ரோண்டா இரண்டடி பின்னால் குதித்தாள்.

உள்ளே முழுக்கக் கூடு! கிழிந்த பஞ்சு, முடி, புழுக்கை. கூட்டின் நடுவில் கண் திறக்காத ஏழு எலிக்குஞ்சுகள், ரோஸ் நிறத்தில் நெளிந்தன.

"ரீடர் எங்க?"

"கூட்டுக்குப் பின்னாடி" என்றாள் ஆர்லீன். "கையை விடணும். விலங்கைக் கழட்டினா நானே..."

"நீ கைதான ஆளு. சாட்சியத்தைத் தொட முடியாது. ஓச்சோவா!"

"எனக்கு எலின்னா அலர்ஜி மேடம்!"

"போன வாரம் எலி பர்கர்னு சொல்லி ஒண்ணை முழுங்கினே?"

"அது கடைப் பேரு மேடம்!"

ரோண்டா கையுறையை மாட்டிக்கொண்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முழங்கை வரைக்கும் உள்ளே விட்டாள். ஈரமாக, சூடாக என்னமோ மணிக்கட்டில் உரசியது.

"உவ்வே... சீ... கடவுளே... இந்த மாவட்டம் எனக்குக் குடுக்கற சம்பளத்துக்கு..."

"வலது பக்கம் ஒரு பட்டன் இருக்கும். அமுக்குங்க!"

கூட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் திரை பச்சையாக ஒளிர்ந்தது.

"இப்ப கீழ் அம்புக்குறி. ஒவ்வொண்ணா வரும். படிங்க!"

ரோண்டா குனிந்து படித்தாள். ஓச்சோவா எழுதினான். மேலே கம்பியில் சாய்ந்து ஸ்ட்ராண்ட் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எட்டு அஞ்சு... 4417. எட்டு இருபது... 4417."

"நான்தான்! நான்தான்!"

"அடுத்தது... ஒன்பது பதினாலு... 0832. இது யாரு?"

ஆர்லீன் நெற்றியைச் சுருக்கினாள். "தெரியல... மேல படிங்க."

"ஒன்பது பதினாலு... 2290. ஒன்பது பதினாலு... 6105..."

எண்ணினார்கள். ஒரே நிமிடத்தில் ஒன்பது நம்பர்கள்! அப்புறம் ஒன்பது முப்பத்தொன்றுக்கு அதே ஒன்பதும் மறுபடி. அதற்கப்புறம் பத்து பத்துக்கு 4417. பிறகு வந்ததெல்லாம் 4417தான்.

"ஒன்பதுலேர்ந்து பத்து வரைக்கும் நீ இந்தப் பக்கமே வரல" என்றாள் ரோண்டா மெதுவாக.

"அதான் சொன்னேனே! ஆனா மேடம்... இந்த ஒன்பதும் மீன் டேக். ஏணியில சொட்டுத் தண்ணி இல்ல. தண்ணியே இல்லாத ஏணியில ஒன்பது மீன் எப்படி இறங்கி, எப்படி ஏறும்?"

மேலேயிருந்து ஸ்ட்ராண்டின் குரல் கேட்டது. "கருவி கோளாறா இருக்கும் அதிகாரி! எலி கடிச்ச ஒயர்! ... ஓச்சோவா, கொஞ்சம் சூடா காபி கிடைக்குமா? பிரஷர் ஏறுது. மாத்திரை போட்டுக்கணும்."

"தரேன் டாக்டர்." ஓச்சோவா படியேறிப் போனான்.

ரோண்டா போர்ட்லண்டுக்குப் போன் போட்டாள். தலைமை ஆபீஸில் மார்ஜி என்ற பெண் எடுத்தாள். ஒன்பது நம்பரையும் வாங்கிக்கொண்டாள்.

"ம்... வேடிக்கையா இருக்கே! ஒன்பதும் போன ஆகஸ்ட்ல உங்க ஏணி வழியா ஏறின மீனுங்க. மூணே நாள்ல ஏறியிருக்கு. அதுக்கு மேல எந்த அணையிலயும் பதிவாகல."

"இப்ப பிப்ரவரியில மறுபடி வந்திருக்கு."

"வாய்ப்பே இல்ல. ஆகஸ்ட்ல ஏறினது முட்டை போட்டுட்டு எப்பவோ செத்திருக்கும். பேயா என்ன?"

ரோண்டா போனை வைத்தாள். ஆர்லீன் விலங்குக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம்... அது ஆகஸ்ட்லயும் ஏறல."

"என்ன சொல்றே?"

"அந்த மீனுங்க குஞ்சா கீழ போகும்போதே செத்துடுச்சு. கூழைக்கடா தின்னுடும் மேடம். அணைக்குக் கீழ தீவு இருக்கு. ஆயிரக்கணக்கான கூழைக்கடா. மீன் செரிச்சுடும், டேக் செரிக்காது. எச்சத்தோட விழுந்து கிடக்கும். ஒரு ஜான் உயரத்துக்கு எச்சம்... அந்த நாத்தத்துக்கு எங்க யாரையும் அனுப்ப முடியாது. டாக்டர் மட்டும் அக்டோபர்ல தனியாப் போவார். பறவைன்னா உயிராம்!"

"ஓ..."

"போன ஆகஸ்ட்ல ராத்திரி பகல்னு பார்க்காம தானே வந்து ஆன்டெனா சோதனை பண்ணினார். தடி நுனியில டேக்கை ஒட்டி வாசல்ல காட்டுவோம், படிக்குதான்னு பார்க்க. கை அழுக்காகிற வேலையைச் செய்யறாரேன்னு வெர்னும் நானும் அதிசயப்பட்டோம்."

"எச்சத்துல பொறுக்கின டேக்கை ஒவ்வொண்ணா தடியில ஒட்டிக் காட்டினா..."

"செத்த மீன் எல்லாம் திரும்பி வந்த மாதிரி கணக்கு ஏறும்! ரெண்டு வருஷமா மீன் ரொம்பக் கம்மி மேடம். இன்னொரு வருஷம் கம்மியானா இந்த ஏணியை இடிச்சுட்டு வேற கட்டறதா முடிவு. அவர் பேரைச் சொல்றதுக்கு இந்த ஏணி மட்டும்தான் இருக்கு. போன வருஷம் திடீர்னு எண்ணிக்கை ஏறுச்சு. நாங்க... நாங்க கேக் வெட்டினோம் மேடம்!"

அவள் முகம் கோணியது. அழுகையா அருவருப்பா என்று தெரியவில்லை. அவளுடைய ஜனங்கள் அந்த எண்ணிக்கையைக் கேட்டுக் கை கூப்பி நன்றி சொல்லியிருந்தார்கள். பறவை எச்சத்தை மீன் என்று நம்பி!

"வெர்ன் இன்னிக்கு குடிசையைச் சுத்தம் பண்ண ஆரம்பிச்சதுமே, டாக்டர் அங்க ஒளிச்சு வச்சிருந்த டேக் எல்லாம் அவன் கையில சிக்கியிருக்கு" என்றாள் ரோண்டா. "அதை எடுத்துக்கிட்டு டாக்டரோட கீழ இறங்கியிருக்கான், யாரும் கேக்காத இடத்துல நியாயம் கேக்க. மண்டையை உடைச்சுட்டு டாக்டர் மட்டும் டேக்கோட மேல ஏறியிருக்கார். ஆனா ஒன்பதுதானா இருந்துச்சு?"

"நிறைய இருந்திருக்கும். ஒரே குவியலா இருந்தா ஒண்ணையொண்ணு மறைச்சுக்கும். ஒன்பதுதான் தப்பிச்சிருக்கு."

"அப்ப டேக் இப்ப அவர்கிட்ட இருக்கு. ஓச்சோவா! டாக்டரைச் சோதனை போடு!"

*

கோட்டு. தொப்பி. சுத்தமான பூட்ஸ். கார். ஆபீஸ். மேசை டிராயர்.

ஒன்றுமில்லை!

"ஒரு காலி மாத்திரை டப்பா மட்டும்தான் மேடம் பாக்கெட்ல இருந்துச்சு" என்றான் ஓச்சோவா, கூசியபடி. "என் கண்ணு முன்னாடிதான் காலி பண்ணினார். நான்தான் காபி ஊத்தினேன்."

ஸ்ட்ராண்ட் டையைச் சரிசெய்துகொண்டார். உதட்டில் புன்னகை.

"அதிகாரி, எலிக்கூட்டுக்குள்ள இருந்த ஒரு ஓட்டைப் பெட்டி. அதுல எந்த மனுஷன் பேரும் இல்ல. கொக்கியில இருக்கற கைரேகை யாருது? அவளுது. நான் கிளம்பலாமா?"

போன் அலறியது. ஷெரிஃப்.

"அரை மணி ஆச்சு. அவளைக் கொண்டு வா!"

ரோண்டா ஓச்சோவாவைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். அவன் ஆர்லீனின் தோளைத் தொட்டான்.

"ஒரே ஒரு தடவை மேடம்!" ஆர்லீன் கெஞ்சினாள். "என் இடுப்புல இருக்கற கருவியை எடுத்து அவர் மேல ஓட்டிப் பாருங்க. தையலுக்குள்ள, பெல்ட்டுக்குள்ள எங்கயாவது இருக்கும். அதுக்கப்புறம் என்னை எங்க வேணா கூட்டிட்டுப் போங்க!"

"தாராளமா!" ஸ்ட்ராண்ட் கைகளை விரித்தார். ஆனால் அரை அடி பின்னால் நகர்ந்தார்.

ரோண்டா அதைக் கவனித்துவிட்டாள்.

"ஓட்டு ஓச்சோவா."

தொப்பி... மௌனம்.

கோட்டுத் தையல்... மௌனம்.

பூட்ஸ் குதிகால்... மௌனம்!

ஆர்லீன் கண்ணை மூடிக்கொண்டாள். ஓச்சோவா நிமிர்ந்தான். கருவி ஸ்ட்ராண்டின் சட்டையை உரசிக்கொண்டே மேலே வந்தது. பெல்ட்டைத் தாண்டியது. தொப்புளுக்குப் பக்கத்தில்...

பீப்!

ரோண்டா பாய்ந்து வந்தாள்.

"நம்பர்! நம்பரைப் படி!"

"2290!"

லேசாக நகர்த்தினான். பீப்! "6105!" பீப்! "0832!"

ஓச்சோவா வாயைப் பிளந்தான். "மேடம்... அப்ப அது... அது மாத்திரையே இல்லையா?"

"இல்லடா முட்டாள்! நான் கீழ போன்ல நம்பரைச் சொல்லச் சொல்ல, மேல உன் காபியில முழுங்கிட்டு இருந்திருக்கார்!"

ரோண்டா ஸ்ட்ராண்டின் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். அந்த முகத்தில் இப்போது ரத்தமில்லை.

"கூழைக்கடா எச்சத்துல பொறுக்கினது... கழுவினீங்களா இல்லையாங்கறது கூட எனக்குத் தெரிய வேணாம். அதை வச்சு ஊரையே ஏமாத்தினீங்க. கேட்ட மனுஷனை விலாங்குக்கு நடுவுல அடிச்சுப் போட்டீங்க. ஒரு பொம்பளை தலையில பழியைப் போட்டுட்டுக் காபி குடிச்சீங்க. த்தூ! இன்னிக்குப் பார்த்ததிலேயே எலிக்கூடுதான்யா சுத்தமா இருந்துச்சு!"

ஆர்லீனின் விலங்கு கழன்றது. ஸ்ட்ராண்டின் கையில் ஏறியது. ஆர்லீன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். வாளியை எடுத்துக்கொண்டு வெர்ன் கிடந்த தொட்டிப் பக்கம் திரும்பி ஒரு கணம் நின்றாள். பிறகு மேல் கரைக்கு நடந்தாள்.

ஓச்சோவா தொண்டையைச் செருமினான்.

"மேடம்... ஆஸ்பத்திரில கேட்டேன். ஆபரேஷன் எல்லாம் வேணாமாம். ஒண்ணு ரெண்டு நாள்ல... தானா... இயற்கையா வந்துடுமாம். அந்த ஆதாரத்தை யாரு... சேகரிக்கறது?"

"யார் காபி ஊத்திக் குடுத்தது?"

ஓச்சோவாவின் முகம் பச்சையானது.

ஸ்ட்ராண்ட் விறைத்து நின்றார். "எனக்குச் சட்டம் தெரியும்! என் வக்கீல் வர்ற வரைக்கும் நான் வாயைத் திறக்கவே மாட்டேன்!"

ரோண்டா காரின் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

"தாராளமா மூடிக்குங்க டாக்டர்... நாங்க எதிர்பார்க்கறது அந்த வழியா இல்ல!"